ஊர்ப்பாட்டும் மின்கிட்டாரும்: நாஷ்வில் 1968 முதல் பொத்தேரி மேடை வரை

முன்னுரை

கிராமத்து மெட்டை எடுத்து, மின்கிட்டாரும் டிரம்செட்டும் சேர்த்து, ஒரு குழு தன் பெயரிலேயே ஆல்பமாக வெளியிடும் வழக்கம் அமெரிக்காவில் 1968 வாக்கில் உருப்பெற்றது. கன்ட்ரி ராக் என்று அதற்குப் பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய சரக்கு எல்லாம் 1970களிலேயே கையில் இருந்தது. தெம்மாங்கு இருந்தது. கிட்டார் வாசிப்பவர்கள் இருந்தார்கள். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டிப் பாடும் மெல்லிசைக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தன. ஜிம் ரீவ்ஸ் இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்ட ரசிகர்களும் இருந்தார்கள். இருந்தும் நாட்டுப்புற ராக் குழு என்று சொல்லத்தக்க ஒன்று தமிழில் பரவலாகப் பேசப்பட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பரங்கிமலையில் தொடங்கி, பல்லாவரம், தாம்பரம் வழியாகப் பொத்தேரி வரை செல்லும் புறநகர் ரயில் தடம் இந்த ஆய்வின் களம். கன்ட்ரி இசையைக் காதாரக் கேட்ட ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புகள் இந்தத் தடத்தின் வடமுனையில் இருக்கின்றன. மாணவர் இசைக்குழுக்கள் மேடையேறும் பெரிய கல்வி வளாகம் தென்முனையில் இருக்கிறது. இடைப்பட்ட வரலாற்றை நிரப்ப, கோடம்பாக்கத்துக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: கன்ட்ரி ராக்கின் உயிர், விட்டுவந்த ஊரை நினைத்து ஏங்குவது. தமிழில் அந்த ஏக்கத்தைத் திரையிசை முன்னதாகவே எடுத்துக்கொண்டது. ஊர் வாத்தியங்களை உண்மையில் கையில் வைத்திருந்தவர்களுக்கோ ஊரை நினைத்து ஏங்கக் காரணம் குறைவாக இருந்தது. அதனால் தமிழ் நாட்டுப்புற ராக் பிந்திப் பிறந்தது. பிறந்தபோது அதன் தொனியும் வேறாக இருந்தது.

1. முன்மாதிரியாக ஓர் ஆல்பம்

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஆல்பம், தி பேர்ட்ஸ் குழுவின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’. 1968 ஆகஸ்ட் 30 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலீஸில் 1964இல் உருவான இந்தக் குழு, அடுத்த ஆண்டே பாப் டிலன் பாடலுக்குப் பன்னிரண்டு தந்தி மின்கிட்டார் சேர்த்துப் பெயர் வாங்கியது. 1966இல் ரவிசங்கரின் சிதாரையும் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனையும் கேட்ட பாதிப்பில் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ என்ற பாட்டை வெளியிட்டது. ஆக, நம் நாட்டு இசை பக்கம் திரும்பிய இரண்டே ஆண்டில் அந்தக் குழு தன் சொந்த நாட்டுப்புறத்துக்குத் திரும்பியிருக்கிறது.

அந்தத் திருப்பம் திட்டமிட்டு வந்ததல்ல. குழுவின் தலைவர் ரோஜர் மெக்வின், பழைய நாட்டுப்புறப் பாடலில் தொடங்கி மின்னணு இசையில் முடியும் இரட்டை ஆல்பம் ஒன்றுக்குத் திட்டம் போட்டிருந்தார். 1968 தொடக்கத்தில் குழுவில் சேர்ந்த கிராம் பார்சன்ஸ், முழு ஆல்பத்தையும் கன்ட்ரி இசைக்கே ஒதுக்கும்படி மனத்தை மாற்றினார். சிறுவயதிலேயே ப்ளூகிராஸ் வாசித்துப் பழகிய கிறிஸ் ஹில்மேன் அவருக்குத் துணை நின்றார். கேரி அஷரின் தயாரிப்பில், மார்ச் மாதம் நாஷ்வில்லிலும் பிறகு ஹாலிவுட்டிலும் பதிவு நடந்தது.

பதினொரு பாடல்களில் பார்சன்ஸ் எழுதியவை இரண்டு, டிலன் எழுதியவை இரண்டு. மற்றவை லூவின் சகோதரர்கள், மெர்ல் ஹாகர்ட், வுடி கத்ரி போன்றோரின் பாடல்களும் மரபுப் பாடலும். வில்லியம் பெல் என்ற கறுப்பினப் பாடகரின் சோல் பாட்டு ஒன்றையும் எடுத்து, அதையும் கன்ட்ரி நடைக்கு மாற்றியிருந்தார்கள். பார்சன்ஸ் வேறொரு நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தம் சிக்கலாகி, அவர் பாடிய சில பாடல்களை மெக்வின் மறுபடி பாடிப் பதிவு செய்ய நேர்ந்தது. பார்சன்ஸ் ஐந்தாறு மாதமே குழுவில் இருந்தார். தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு வர மறுத்து, ஆல்பம் வெளிவரும் முன்பே விலகிவிட்டார்.

1968 மார்ச் 15 அன்று, கன்ட்ரி இசையின் கோயிலாகக் கருதப்படும் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் இந்தக் குழு பாடியது. நீண்ட முடி வைத்த ராக் இளைஞர்களை அந்தச் சபை கேலியோடு வரவேற்றது. அறிவித்தபடி மெர்ல் ஹாகர்ட் பாட்டைப் பாடாமல், பார்சன்ஸ் தன் சொந்தப் பாட்டைப் பாடியதில் நிகழ்ச்சிக்காரர்களுக்கும் கோபம். ஆல்பம் விற்பனையிலும் தோற்றது. பில்போர்டு பட்டியலில் 77ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கன்ட்ரி ரசிகர்கள் இதை ராக் என்று ஒதுக்கினார்கள். ராக் ரசிகர்கள் கன்ட்ரி என்று ஒதுக்கினார்கள்.

ஆனால் வழி திறந்துவிட்டது. பார்சன்ஸும் ஹில்மேனும் தொடங்கிய ஃப்ளையிங் பர்ரிட்டோ பிரதர்ஸ் குழுவின் முதல் ஆல்பமும், டிலனின் ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பமும் 1969இல் வந்தன. 1972இல் ஈகிள்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அந்த ஈகிள்ஸ் 1976 டிசம்பரில் வெளியிட்ட ‘ஹோட்டல் கலிபோர்னியா’, சென்னையில் கிட்டார் பிடித்த பையன்கள் தலைமுறை தலைமுறையாக விரல் பழகும் பாடமாகிவிட்டது. அதன் மூலக்கிளை எது என்று கேட்டவர்கள் சிலரே.

2. இசைநடையின் கூறுகள்

இந்த ஆல்பத்தின் ஒலியை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, பெடல் ஸ்டீல் கிட்டார். லாயிட் கிரீன், ஜேடீ மேனெஸ் இருவரும் இதில் வாசித்தார்கள். கால் வைத்த மேசைபோல் கிடக்கும் இந்தக் கருவியின் முன் உட்கார்ந்து, இடக்கையில் எஃகு உருளையைப் பிடித்துத் தந்திமேல் நகர்த்த வேண்டும். வலக்கை விரல்களில் மாட்டிய நகமுனையால் மீட்ட வேண்டும். அதே நேரம் பாதம் பெடலை அழுத்தும், முழங்கால் பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளும். ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்தியின் சுருதி மட்டும் வழுக்கி ஏறும். அழுகை கலந்த கன்ட்ரி ஓசை அங்கேதான் பிறக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூக்கு பரப்பிய வாசிப்பு முறையின் வழிவந்தது இது. தஞ்சை மரபில் வளர்ந்த கோட்டுவாத்தியத்திலும் கட்டையைத் தந்திமேல் வழுக்கித்தான் கமகம் பிடிக்கிறார்கள். எனவே இந்த ஓசை தமிழ்க் காதுக்கு முழுக்க அந்நியமானதல்ல.

இரண்டாவது, நடை. கன்ட்ரி இசையில் இரண்டு தாளநடைகள் மிகுதி. பேஸ் கிட்டார் ஆதார சுரத்துக்கும் பஞ்சமத்துக்கும் மாறி மாறித் தாவும் ஈரடி நடை ஒன்று. வால்ட்ஸ் எனப்படும் மூன்றடி நடை மற்றொன்று. பார்சன்ஸின் ‘ஹிக்கரி விண்ட்’ மூன்றடியில் அமைந்தது. ஊர்க் காற்றையும் மரத்தையும் நினைத்து நகரத்திலிருந்து ஏங்கும் பாட்டு அது. அந்த ஏக்கத்துக்கு மூன்றடியின் ஊசலாட்டம் நன்றாகப் பொருந்துகிறது. நம் நாட்டுப்புற மெட்டுகளிலும் ‘தகிட தகிட’ என்று ஓடும் மும்மை நடைக்குக் குறைவில்லை. நடைகளைப் பொறுத்தவரை கன்ட்ரி இசைக்கும் தமிழுக்கும் பகையில்லை.

மூன்றாவது, சுரக்கூட்டு. இங்கேதான் வழி பிரிகிறது. கன்ட்ரி பாட்டு மூன்று கோர்டுகளின் மேல் நிற்பது; இருவர் பாடினால் ஒருவர் மேல்சுரத்தில் இணைந்து பாடுவார். தமிழ் நாட்டுப்பாடல் ஒற்றை மெட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதே சுரத்தில் ஏற்றுப் பாடுவார்கள். அந்த மெட்டுக்குக் கீழே மேஜர், மைனர் கோர்டுகளை அடுக்கினால், பல நேரம் மெட்டின் குணமே மாறிவிடும். கிட்டார் கலைஞர்கள் இதற்குக் கண்ட எளிய வழி, ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து வாசிப்பது. ராக் இசையில் இதைப் பவர் கோர்டு என்பார்கள். காந்தாரம் இல்லாத இந்தக் கூட்டு, தம்புராவின் வேலையைச் செய்கிறது. தமிழில் நாட்டுப்பாட்டும் ராக்கும் சேருமிடத்தில் இந்த உத்தி அடிக்கடி கேட்பதற்குக் காரணம் இதுவே.

3. பரங்கிமலை, பல்லாவரம்: கேட்டவர்கள்

கன்ட்ரி இசை சென்னைக்கு ராக் வழியாக வரவில்லை. அதற்கு முன்பே வந்துவிட்டது. பாளைய நகரமான பரங்கிமலையிலும், ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான பல்லாவரம் வெட்டரன் லைன்ஸ் குடியிருப்பிலும், ரயில்வே ஊழியர் மிகுந்த தாம்பரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. கடற்கரை–தாம்பரம் தடம் 1931இல் மின்மயமானது. அந்த ரயில் தடம் அவர்களுக்குப் பிழைப்பு. ஞாயிறு ஆராதனையும் கிறிஸ்துமஸ் நடனமும் வாழ்வின் அங்கம்.

அந்த வீடுகளில் ஒலித்த குரல்களில் முதன்மையானது ஜிம் ரீவ்ஸுடையது. டெக்சாஸில் பிறந்த இவர் 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே விமான விபத்தில் இறந்தார். தாழ்ந்த, அவசரமில்லாத குரல், தெளிவான உச்சரிப்பு, பின்னால் வயலின் கூட்டம். கன்ட்ரி இசையின் கரடுமுரடைத் தேய்த்து மெருகேற்றிய இந்த நடைக்கு ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர். அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பம் 1963இல் வெளிவந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்தால் இன்றும் அது கேட்கிறது. ரேடியோ சிலோன் ஆங்கில ஒலிபரப்பும் இசைத்தட்டுகளும் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன.

இந்த ரசனை தமிழ்ப் பாட்டோடு கலக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, கன்ட்ரி இசை இங்கே ஆங்கிலம் பேசும் ஒரு சிறு சமூகத்தின் அடையாளமாகவே இருந்தது. 1947க்குப் பின் அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டது. மற்றொன்று, அமெரிக்காவில் உழவர்களின், லாரி ஓட்டுநர்களின் இசையாக இருந்த கன்ட்ரி, சென்னையில் படித்தவர்களின் ஆங்கிலப் பாட்டாக மாறிவிட்டது. அது நாட்டுப்புற இசை என்பதையே இங்கே யாரும் கவனிக்கவில்லை. ஒரே தடத்தில் ஓடும் ரயிலில் ஒரு பெட்டியில் ஜிம் ரீவ்ஸ் ரசிகரும், இன்னொரு பெட்டியில் தெம்மாங்கு பாடத் தெரிந்த கூலித் தொழிலாளியும் பயணம் செய்தார்கள். இருவரும் கேட்டது ஒரே வகை இசை என்று சொல்ல ஆளில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே 1960களின் இறுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பைலா நடையில் கிட்டாரைத் தட்டித் தமிழிலேயே பொப் பாடினார்கள். பேச்சுத்தமிழும் கிட்டாரும் சேர்ந்தால் மக்கள் ஏற்பார்கள் என்பதற்கு அது சான்று. அந்த அலை தமிழ்நாட்டுக் கரையையும் தொட்டது. ஆனால் வேடிக்கைப் பாட்டு என்ற அளவில் நின்றுவிட்டது.

தமிழ்த் திரையும் இந்தக் காலத்தில் கௌபாய் வேடம் போட்டுப் பார்த்தது. கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ 1972இல் வந்தது. குதிரை வந்தது, தொப்பி வந்தது, துப்பாக்கி வந்தது. ஆனால் அவை இத்தாலிய மேற்கத்தியப் படங்களின் வழியே வந்தவை. நாஷ்வில்லின் பாட்டு கூட வரவில்லை.

4. 1976: திரை செய்த வேலை

ஊர்மெட்டும் மேற்கத்திய வாத்தியமும் பெருமளவில் சேர்ந்த இடம் கோடம்பாக்கம். 1976 மே மாதம் வெளிவந்த ‘அன்னக்கிளி’ அதற்குத் தொடக்கம். பஞ்சு அருணாசலம் திரைக்கதை எழுத, தேவராஜ்–மோகன் இயக்க, இளையராஜா அறிமுகமானார்.

நம் கேள்விக்கு அவருடைய பின்னணி முக்கியமானது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், கிட்டார் கலைஞர். பார்சன்ஸும் ஹில்மேனும் மெக்வினும் கூடி விவாதித்துச் சேர்க்க வேண்டியிருந்த இரண்டு உலகங்கள், இங்கே ஒரே மனிதரிடம் இருந்தன. தெம்மாங்கு அவர் காதில் இருந்தது. சுரக்கூட்டு அவர் தாளில் இருந்தது. ஒற்றை மெட்டுக்குக் கீழே வெறும் கோர்டுகளை அடுக்காமல், தனித்தனியாக நகரும் துணைமெட்டுகளை எழுதி, இரண்டாம் பகுதியில் சொன்ன சிக்கலையும் அவர் தாண்டினார்.

அதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, குழு என்ற அமைப்புக்குத் தேவையே இல்லாமல் போனது. கிட்டார், டிரம்ஸ், பேஸ் வாசித்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு அடுத்த ஒலிப்பதிவுக்குப் போனார்கள். இசைத்தட்டின் உறையில் படத்தின் பெயரும் நடிகர் முகமும் இருந்தன. இசையமைப்பாளர் பெயர் இருந்தது. வாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இல்லை. இரண்டாவது, ஆல்பம் என்ற வடிவமும் வளரவில்லை. இளையராஜாவே 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ என்ற திரைசாரா ஆல்பங்களை வெளியிட்டார். அவற்றில் அவர் எடுத்துக்கொண்டது கர்நாடக இசையையும் ஐரோப்பியச் செவ்வியல் இசையையும்தான். நாட்டுப்புறம் திரைக்கே விடப்பட்டது.

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977இல் வந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கிராமம் திரையின் நடுவே நின்றது. ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வாடகைக்கு இருந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை டெண்ட் கொட்டகையில் தங்கள் ஏக்கத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கன்ட்ரி ராக் ஆல்பம் செய்த வேலையை இங்கே திரைப்பாட்டு செய்துவிட்டது. ஒரு தேவை தீர்ந்துவிட்டால், அதற்கென இன்னொரு வடிவம் பிறப்பது கடினம்.

5. ஒலிநாடாவும் பறையும்

திரைக்கு வெளியே இன்னொரு நீரோட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வந்தது முதல், இந்தப் பாடல்களைச் சேகரிப்பது பல்கலைக்கழக வேலையாகவும் இயக்க வேலையாகவும் ஆயிற்று. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் மதுரைப் பக்கத்துப் பாடல்களைத் தொகுத்து மேடையேற்றினார். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, 1985இல் ‘ஆண்பாவம்’ வழியாகத் திரைக்கும் வந்தார். புஷ்பவனம் குப்புசாமி ஒலிநாடா வழியே வீடுதோறும் போய்ச் சேர்ந்தார்.

இவர்களில் நம் ஆய்வுக்கு மிக நெருக்கமானவர் கே. ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். ‘தன்னானே’ என்ற குழு நடத்தியவர். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றவர். ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். 2016 ஜனவரியில் மறைந்தார். பறையை அவர் மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கும் மேளம் என்று ஒதுக்கப்பட்ட கருவியை மேடையில் வாசிப்பது அன்றைக்கு வெறும் இசைத்தேர்வாக இருக்க முடியாது. நாஷ்வில் சபையில் நீண்ட முடி கிளப்பிய சலசலப்பைவிட, இது தொட்ட நரம்பு ஆழமானது.

பறையின் உடலமைப்பையும் இங்கே பார்க்க வேண்டும். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை வாசிக்குமுன் வைக்கோல் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள்; தோல் இறுகிச் சுருதி ஏறும். நீளமான சிண்டுக்குச்சி ஒரு கையில், குட்டையான அடிக்குச்சி மறுகையில். சற்று நேரத்தில் ஈரக்காற்றில் தோல் தளரும். மறுபடி தீ வேண்டும். மின்விளக்கும் துணித்திரையும் உள்ள அரங்கில் தீ மூட்ட விடமாட்டார்கள். பலர் செயற்கைத் தோலுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். சுருதி நிற்கிறது, ஆனால் தோலுக்கே உரிய கனமான அடியோசை குறைந்துவிடுகிறது. ராக் குழுவோடு பறை சேரும்போது கிட்டாரோடு சுருதி சேர்ப்பதைவிட இதுவே முதல் தொழில்நுட்பச் சிக்கல்.

வழுக்கோசையைத் தேடினால் உறுமியைச் சொல்ல வேண்டும். வளைந்த குச்சியைத் தோல்மேல் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், சுருதி நிற்காமல் மேலும் கீழும் போகிறது. பெடல் ஸ்டீல் அழுகிறது என்றால் உறுமி சீறுகிறது. இரண்டு இசைகளின் மனநிலை வேறுபாடும் இந்த இரண்டு ஓசைகளில் அடங்கியிருக்கிறது.

6. கல்லூரி மேடை: ஐ.ஐ.டி. முதல் பொத்தேரி வரை

ராக் குழுக்கள் சென்னையில் பிறந்து வளர்ந்த இடம் கல்லூரி விழா. ஐ.ஐ.டி.யின் ‘மார்டி கிரா’ 1970களிலிருந்து ஆங்கில ராக் குழுக்களுக்கு முதன்மையான மேடை. 1996இல் அது ‘சாரங்’ ஆனது. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியும் தன் காட்டு வளாகத்தில் கலைவிழாவுக்குப் பேர்போனது. தடத்தில் இன்னும் தெற்கே, காட்டாங்குளத்தூரில் 1985இல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் தடமும் ஒட்டிப் போகும் பொத்தேரி நிலையம் அதற்கு வாசல். அங்கே நடக்கும் ‘மிலன்’ கலைவிழா, இந்தியாவின் பல மாநில மாணவர்கள் ஒரே மைதானத்தில் நிற்கும் கூட்டம்.

கல்லூரி விழாக்களின் போட்டிப் பிரிவுகளைப் பார்த்தால் ஒரு தடை தெரியும். ‘வெஸ்டர்ன்’ என்று ஒரு பிரிவு. ‘லைட் மியூசிக்’ என்று ஒரு பிரிவு. ‘ஃபோக்’ என்றால் பெரும்பாலும் நடனம். தெம்மாங்கை டிரம்செட்டோடு பாட விரும்பும் குழு எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது? முதலாவதில் மொழி இடித்தது, இரண்டாவதில் இரைச்சல் இடித்தது. 1968இல் பேர்ட்ஸ் குழு இரண்டு ரசிகர் கூட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டதைப் போன்ற நிலைதான் இதுவும்.

ஒலியமைப்பிலும் இதே படிநிலை உண்டு. டிரம்செட்டுக்குக் கிக், ஸ்நேர், டாம், சிம்பல் என்று தனித்தனி மைக் வைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பறைக்கோ தவிலுக்கோ பாடகருடையதைப் போன்ற ஒற்றை மைக். அதன் ஓசை கூட்டத்துக்கு எட்டும்போது மேளத்தின் அடித்தொனி போய், குச்சியின் படபடப்பு மட்டும் மிஞ்சும். ஊர் வாத்தியம் ராக் மேடையில் வெறும் அலங்காரமாகத் தெரிவதற்கு, வாசிப்பவரைக் குறைசொல்வதற்கு முன் ஒலிப்பலகையைப் பார்க்க வேண்டும்.

2007இல் தொடங்கிய ‘சென்னை சங்கமம்’ ஒரு திருப்புமுனை. பூங்காக்களிலும் தெருக்களிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நேரடியாக வாசித்ததை நகரத்து இளைஞர்கள் அருகில் நின்று கேட்டார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் டர்புகா சிவாவின் ‘லா பொங்கல்’ குழு நாட்டுப்புற ராக் என்ற அடையாளத்தோடு மேடையேறியது. தஞ்சைப் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞரான அந்தோணிதாசன் அதில் பாடினார். ஊர்க் குரலும் நகர வாத்தியமும் ஒரு குழுவாகவே நின்றன. இசையமைப்பாளர் கூலிக்கு அழைத்த கலைஞர்களாக நிற்கவில்லை. கன்ட்ரி ராக்கின் அமைப்புக்கு மிக அருகில் வந்த தமிழ் முயற்சி என்று இதைச் சொல்லலாம். அந்தோணிதாசனைத் திரையுலகம் விரைவில் அழைத்துக்கொண்டது.

7. 2018: கீழ்ப்பாக்கம்

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸை நிறுவிய இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. தொடக்கத்தில் 19 பேர். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசர் பயன்படுத்திய சொல்லே குழுவின் பெயருக்கு ஊற்று. பாடகர்களில் இசைவாணியும் அறிவும் பரவலாக அறியப்பட்டார்கள். இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்.

இந்தக் குழுவின் மூலச்சரக்கு கிராமத்துத் தெம்மாங்கு அல்ல, வடசென்னைக் கானா. சாவு வீட்டில் இரவெல்லாம் பாடியது. சட்டி, கட்டைமேளம், கைத்தட்டு ஆகியவற்றோடு வளர்ந்தது. கிராமத்திலிருந்து துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வேலைதேடி வந்தவர்களின் நகரத்து நாட்டுப்பாடல் என்று அதை வகைப்படுத்தலாம். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னை வாழ்வு ஆகியவை பாடுபொருள்கள்.

இசைநடையில் கவனிக்க வேண்டியது தாளத்தின் ஆட்சி. திரையிசையில் பறையோ சட்டியோ ஏற்கெனவே அமைந்த தாளத்தின்மேல் நிறம் சேர்க்கும். இங்கே சட்டியும் பறையும் நடையைப் பிடிக்க, டிரம்செட் அதற்கு அடிக்கோடு போடுகிறது. கிட்டார் பெரும்பாலும் பவர் கோர்டில் சுருதி காக்கிறது. இடையில் ராக்கின் சிதறல் ஓசையோடு பதில் சொல்கிறது. ராக் விருந்தாளியாகிறது, ஊர்த்தாளம் வீட்டுக்காரராகிறது.

2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் பருவத்திலேயே கானாவுக்கும் ஒப்பாரிக்கும் பறைக்கும் மேடை கொடுத்தது.

8. ஏக்கமும் கணக்கும்

இப்போது ஒப்பீட்டுக்கு வரலாம். பேர்ட்ஸ் குழு கன்ட்ரி இசைக்குத் திரும்பியபோது, அது இழந்த ஊருக்குத் திரும்பும் பாவனை. ஜோ மோராவின் 1933ஆம் ஆண்டுக் கௌபாய் ஓவியத்தை ஆல்பத்தின் உறையில் போட்டதே அந்த மனநிலைக்குச் சான்று. வியட்நாம் போரும் நகரக் கலவரங்களும் சூழ்ந்த 1968இல், பழைய ஊரும் பக்தியும் குடும்பமும் ஒரு புகலிடம். அந்தப் பழைய ஊர் கறுப்பின மக்களுக்குப் புகலிடமாக இருந்ததா என்ற கேள்வியை ஆல்பம் எழுப்பவில்லை.

தமிழில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஊர் என்றால் ஊர்த்தெரு எது, சேரி எது என்பதும் சேர்ந்தே வருகிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமத்தை அறியாமையும் வகுப்புவாதமும் நிறைந்த இடமாகவே கண்டார். பறையை வாசித்தவர்களின் வழிவந்தவர்கள் குழு அமைத்துப் பாடும்போது, ஊரை நினைத்து உருக வாய்ப்பு குறைவு. ஊரோடு தீர்க்க வேண்டிய கணக்கு அவர்களிடம் இருக்கிறது. ஏக்கத்துக்குத் திரைப்பாட்டு இருக்கிறது. கணக்கைச் சொல்லத்தான் குழு தேவைப்பட்டது. அதனால்தான் தமிழின் வலுவான நாட்டுப்புற ராக் வயலிலிருந்து வராமல் குடிசைப் பகுதியிலிருந்து வந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. ‘லா பொங்கல்’ போன்ற குழுக்கள் அரசியல் முழக்கமின்றியும் வரவேற்பைப் பெற்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். அவற்றின் பாடல்கள் மேடையில் கொண்டாட்டமாக நிலைத்தன. ஆனால் ஓர் ஆல்பம் முழுவதையும் கோத்து நிறுத்தும் பார்வை அவற்றுக்கு அமைந்ததா என்பது விவாதத்துக்குரியது. பாடல்கள் சேர்ந்தால் தொகுப்பு ஆகும்; ஒரே நோக்கு ஓடினால்தான் ஆல்பம் ஆகும். 77ஆம் இடத்தில் நின்ற ஓர் இசைத்தட்டு அரை நூற்றாண்டு கழித்தும் பேசப்படுவதற்குக் காரணம் அந்த நோக்குதான்.

முடிவுரை

இந்த ஆய்வில் கிடைக்கும் முடிவுகள் மூன்று. கன்ட்ரி இசையைக் கேட்ட சமூகமும் தமிழ் நாட்டுப்பாடலைப் பாடிய சமூகமும் ஒரே ரயில் தடத்தில் வாழ்ந்தும், வர்க்கமும் மொழியும் அவர்களைப் பிரித்துவைத்தன. ஊர்மெட்டையும் மேற்கத்திய வாத்தியத்தையும் சேர்க்கும் வேலையைத் திரையிசை 1976இலேயே மிக உயர்ந்த தரத்தில் செய்துவிட்டதால், குழுவும் ஆல்பமும் வளர இடம் குறைந்தது. கடைசியாக அவை வளர்ந்தபோது, ஏக்கத்தின் இடத்தில் நீதிக் கேள்வி வந்து உட்கார்ந்தது.

செய்ய வேண்டியவையும் உண்டு. வெட்டரன் லைன்ஸ், பரங்கிமலை வீடுகளில் எஞ்சியிருக்கும் இசைத்தட்டுகளையும் நினைவுகளையும், கேட்டவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். கல்லூரி விழா ஒலிப்பதிவுகள் வன்தட்டுகளில் அழியுமுன் தொகுக்கப்பட வேண்டும். பொத்தேரி மேடையில் நாளை தெம்மாங்கை மின்கிட்டாரோடு பாடப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டை யாரிடம் கற்றீர்கள், எந்த ஊர்ப் பாட்டு, பறை வாசித்தவர் யார் என்று ஆல்பத்தின் உறையிலேயே பெயரோடு எழுதுங்கள். ஐம்பது ஆண்டு திரையிசையின் உறைகள் எழுதாமல் விட்டது அந்தப் பெயர்களைத்தான்.